ஹீட்டரைப் போடு, அம்மிணி

மார்ச் 4, செவ்வாய்

இந்தக் கார் நாசமாய்ப் போகட்டும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் முடித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி வரும்போது பாதி மலையில் மறுபடியும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் முகத்தில் ஆவி. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு சுற்றுலா வேன்காரன் தலையை வெளியே நீட்டி, "லேடீஸ் ஓட்டுனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கையில் இருந்த ஈரத்துணியை அவன் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும்.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டரில் கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றினேன். அப்பா சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் போனபிறகு அவருக்குத் தண்ணீரை டம்ளரில் அளந்துதான் கொடுக்க வேண்டும். உதட்டை நக்கிக்கொண்டு, "அதுக்கு மட்டும் வேணுங்கற மட்டும் ஊத்து" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த டைரியே அவர் குடிக்கும் தண்ணீரை எழுதி வைக்க வாங்கியது. ஆத்திரத்தையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

கார் அண்ணன் கொடுத்தது. திருமூர்த்தி அண்ணன் சென்னையில் இருக்கிறான். பொங்கலுக்கு இதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, தெருவே பார்க்க சாவியை என் கையில் வைத்து, "அப்பாவைக் கூட்டிட்டுப் போக வர வெச்சுக்கோ பாப்பா. நான் புதுசு வாங்கிட்டேன்" என்றான். பொங்கலைச் சாப்பிட்டான். மறுநாள் ரயிலேறிவிட்டான். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது, வசுமதி என்று ஒரு பெயரும் இருக்கிறது, இன்னும் பாப்பா.

அப்பா இந்த மலையில் முப்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அன்றைக்குக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் போய்க் குனிந்து, புகைக்குழாயில் விரலை விட்டுத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "என்ற மகன் குடுத்த காரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்து உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதை யாரும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் போனேன். "சார் யாரும் வரலீங்களா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். ரேடியேட்டர் மூடியை மாற்றினார், இஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை கூலன்ட் ஊற்றினார், "ஏசி போடாம மெதுவாப் போங்க. லேடீஸ் கொஞ்சம் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுவீங்க" என்றார். கிளட்ச்சுக்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இனி அங்கே போகமாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஏறும்போது, அடிவாரம் தாண்டியதும் அப்பா, "ஹீட்டரைப் போடு, அம்மிணி" என்றார்.

வெளியே வெயில் அடித்து நொறுக்குகிறது. "இந்த வெக்கையிலயாப்பா?"

"குளுருது. முழுசா வை. காத்தும் வேகமா வை."

போட்டேன். டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குக் குளிரும் என்பது எனக்குத் தெரியும். போன வாரமும் இப்படித்தான் கேட்டார். ஆனால் அவர் கம்பளியைப் போர்த்திக்கொள்ளவில்லை, ஜன்னலையும் மூடவில்லை. டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் வேர்வை இறங்கி வளைவே தெரியவில்லை. "செகண்ட்லயே ஏறு", "இங்க அவசரப்படாத", "கேன்ல தண்ணி இருக்குதா" என்று வழி நெடுக ஒரே நச்சரிப்பு. வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்று கத்திவிட்டேன். மூடிக்கொண்டார்.

முள் சிவப்புக்குக் கீழேயே நின்றது. புது மூடி வேலை செய்கிறது போல.

மார்ச் 8, சனி

மறுபடியும் பொங்கிவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அதன்பிறகுதான் அப்பாவுக்குச் சமைக்க வேண்டும். உப்பு கிடையாது. "சக்கையா இருக்குது" என்று தட்டை ஒதுக்கினார். அதே நேரம் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அப்பா முகம் அப்படியே மாறிவிட்டது. "சாப்பிட்டனப்பா, நல்லாச் சாப்பிட்டன். காரு? அருமையா ஓடுது!"

போனைப் பிடுங்கினேன். "ஓடல. நேத்தும் ரோட்ல நின்னுச்சு."

"நீ கியர் சரியா மாத்தறதில்ல பாப்பா. எங்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் நின்னதில்ல. அப்பாகிட்டக் கேட்டு ஓட்டு, அவருக்குத் தெரியாததா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை. "அவ சரியாத்தான் ஓட்டறா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

காலை முழுக்க செல்போனில் வீடியோ பார்த்தேன். பிறகு வாசலில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். சூடு ஏறியதும் முன்னால் விசிறி சுற்றுகிறது; அதனால் விசிறியில் கோளாறு இல்லை. கீழே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. ஆனால் சனிக்கிழமை கழுத்துவரை நிரப்பிய தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியே போகாத தண்ணீர் எங்கேதான் போகும்?

உள்ளே கட்டிலிலிருந்து அப்பா கூப்பிட்டார். "அத நோண்டாத அம்மிணி. கைய சுட்டுக்குவ."

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவை மெஷினில் போட்டதும் எனக்கு நாலு மணி நேரம் கிடைக்கும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஷாஜகான் என்று பெயர். சிடுசிடுப்பானவர். ஆனால் சார் எங்கே என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் சூடாகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, காலையில் புகை எப்படி வருகிறது என்று கேட்டார். வெள்ளையாக வருகிறது, குளிர்காலத்தில் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன் என்றேன். "மார்ச்சுலயுமா?" என்றார்.

தெர்மோஸ்டாட் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அது இருக்கும் கூண்டைக் கழற்றினார். தண்ணீர் சூடானால் திறந்து வழிவிடுகிற வால்வு அது. கூண்டுக்குள் விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல வால்வே இல்லீங்க."

"அப்படின்னா?"

"யாரோ கழட்டிப் போட்டுட்டாங்க. வண்டி முன்னாடியே கொதிச்சிருக்கு. ரிப்பேர் பண்ணச் சங்கடப்பட்டுக்கிட்டு இத உருவி விட்டுட்டா கொஞ்ச நாளைக்கு ஓடும். யாருகிட்ட வாங்குனீங்க?"

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. சென்னையில் அவனுடைய ஒர்க்‌ஷாப்காரன் அவனையும் ஏமாற்றியிருப்பான். அவனுக்கு ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

புது வால்வு போட்டு அனுப்பினார். இதோடு சரியாகிவிடும் என்றார்.

மார்ச் 13, வியாழன்

சரியாகவில்லை.

கொதிப்பு முன்னைவிடச் சீக்கிரமே வந்தது. "ஹீட்டரைப் போடு" என்றார் அப்பா. போட்டேன், குளிர்ந்த காற்றுதான் வந்தது. அப்பா முகம் வெளுத்துவிட்டது. "நிறுத்து. உடனே ஆஃப் பண்ணு. உடனே!" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

வளைவில் நின்றோம். நிழலே இல்லாத இடம். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும், உதட்டில் வெடிப்பு, எழுபத்திரண்டு வயது மனிதர். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலை சுற்றி என் தோளில் சாய்ந்துவிட்டார். நான் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஒரு கார் விலகிப் போனது. இன்னொன்றும் விலகிப் போனது. கடைசியில் அரசுப் பேருந்து ஒன்று நின்றது. டிரைவருக்கு அப்பாவைத் தெரிந்திருக்கிறது. "அண்ணே!" என்று குதித்து இறங்கி, கைத்தாங்கலாக ஏற்றி, முன் சீட்டில் படுக்கவைத்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

நான் காரோடு நின்றேன். ஷாஜகான் வண்டி அனுப்பி இழுத்துக்கொண்டு போகும்வரை அந்தக் காரின் டயரை உதைத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

அப்பா செத்துப்போயிருந்தால்?

மார்ச் 14, வெள்ளி

காலையில் பஸ் பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஷாஜகான் முதலில் மன்னிப்புக் கேட்டார். "வால்வு இல்லைன்னதும் அங்கயே நின்னுட்டேன். இன்னும் உள்ள பாத்திருக்கோணும். எம்மேலயும் தப்பு இருக்கு" என்றார். எனக்குக் கத்தத் தெம்பில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிட்டார். உலை கொதிப்பதுபோலத் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. இன்னும் கைவைத்தால் சுடக்கூட இல்லை, அதற்குள் குமிழ். "இது கொதி இல்லீங்க, புகை. சிலிண்டருக்கு மேல மூடியிருக்கற ஹெட்டுக்கும் கீழ பிளாக்குக்கும் நடுவுல கேஸ்கெட்னு ஒரு தகடு இருக்கும். அது எரிஞ்சு போச்சு. எரியற புகை தண்ணிக்குள்ள போகுது, தண்ணி சிலிண்டருக்குள்ள போய் ஆவியாகிப் புகைக்குழாய்ல வெளிய போகுது. அதான் ஒழுகலே இல்லாமக் குறையுது."

பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில் சேறு விழுந்தது. ஒழுகலை அடைக்க ஊற்றுகிற மருந்தாம் அது. யாரோ டப்பா டப்பாவாக ஊற்றியிருக்கிறார்கள். "இத ஊத்துனவங்களுக்கு வியாதி என்னன்னு நல்லாத் தெரியும்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆனா ரெண்டு மாசம் இதுல மலையேறி இருக்கீங்களே, அது எப்படி? சூடாகறப்ப ஹீட்டரப் போடுவீங்களா?"

"ஏன்?"

"ஹீட்டரப் போட்டா இஞ்சின் சூட்ட வண்டிக்குள்ள இழுத்து விட்டுரும். சின்ன ரேடியேட்டர் மாதிரி. தண்ணி வத்திட்டாக் குளுந்த காத்துதான் வரும். பழைய டிரைவருங்க பண்ற வேலை. யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் முன்னால் நின்றேன்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்."

"புகையில கூலன்ட்டோட இனிப்பு வாசம் அடிச்சுது" என்றார் மெதுவாக. "பொங்கலன்னைக்கே."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அவங்கிட்டச் சண்டைக்குப் போவ. அவன் ரோசக்காரன். வாரம் ஒரு போனு பண்றான். அதையும் நிறுத்திப்போடுவான்."

"நானும் அந்தக் கார்லதானப்பா இருந்தேன்! மலையில இஞ்சின் இறுகி நின்னு, பிரேக் பிடிக்காமப் போயிருந்தா ரெண்டு பேரும் பள்ளத்துல கெடந்திருப்போம்."

"நாந்தான் பாத்துக்கிட்டே வந்தனே, அம்மிணி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டுட்டுப் போயிருவேன்னு பயமில்லையா உங்களுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "நீ எங்கம்மிணி போகப்போற?" என்றார்.

சமையலறையில் போய் நின்றேன். ஊறப்போட்டிருந்த உருளைக்கிழங்கை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்தேன். பிறகு பொறுக்கிக் கழுவி வேகவைத்தேன்.

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். வால்வு, சேறு, கேஸ்கெட் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஹெட் இறக்கோணும்னு சொன்னாங்கதான். அந்தப் பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு எதுக்குன்னு விட்டுட்டேன். நீ ஊருக்குள்ளதான ஓட்டப்போறேன்னு நெனச்சேன் பாப்பா. நீ மலைல எறக்குவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாவுக்கு டயாலிசிஸ் எங்க நடக்குது?"

"என்ன?"

"எந்த ஊர்லன்னு சொல்லு."

"கோத்தகிரில... கவர்மென்ட் ஆஸ்பத்திரிலதான?"

ஒரு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள்.

"மேட்டுப்பாளையம்" என்றேன். "புதன்கிழமை இங்க இருக்கோணும் நீ. ஒரு வாரம் லீவு சொல்லிட்டு வா. வரலைன்னா நான் அப்பாவக் கூட்டிக்கிட்டு உன் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன்."

வைத்துவிட்டேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 15, சனி

வாடகைக் காரில் போய் வந்தோம். அப்பா டிரைவரிடம் மட்டும் பேசிக்கொண்டே வந்தார்.

மார்ச் 17, திங்கள்

ஹெட்டை இறக்கிவிட்டார்கள். கேஸ்கெட்டில் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கரிந்து, ஓரமே இல்லாமல் அரித்துப் போயிருந்தது. ஷாஜகான் ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, கீழே வெளிச்சம் தெரிவதைக் காட்டினார். சூட்டில் வளைந்திருக்கிறது. லேத்துக்கு அனுப்பிச் சமமாகச் சீவ வேண்டும். அதோடு புது கேஸ்கெட், புது போல்ட், புது ரேடியேட்டர். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் அந்தச் சேறு போகக் கழுவ வேண்டும்.

"இன்னும் ஒரு மலை ஏறியிருந்தா இஞ்சினே போயிருக்கும்" என்றார்.

பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தேன். டிவி மேல் வைத்திருக்கிறேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு டிவி போடச் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

வந்துவிட்டான். பளபளவென்று புதுக் கார், ஒரு கூடை ஆப்பிள், இளநீர். இளநீர்! அதில் இருக்கிற பொட்டாசியம் அப்பாவின் நெஞ்சை நிறுத்திவிடும். அப்பா ஆசையோடு கையை நீட்டினார். பிடுங்கிக் கொண்டுபோய்க் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினேன். இரண்டு பேரும் என்னை ராட்சசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

டிவி மேல் இருந்ததை எடுத்துப் பார்த்து, "இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றான்.

"ஆமா."

"காசு நான் குடுத்தர்றேன் பாப்பா."

"குடு. அதோட ஒரு வாரமும் குடு."

பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தேன். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "நீ எங்க போற?" என்றான். திருப்பூருக்கு, எஸ்தர் வீட்டுக்கு என்றேன். கூட வேலை பார்த்தவள். அப்பா துண்டை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இடது கையில் யாரையும் ரத்தம் எடுக்க விடாதே, பிரஷர் பார்க்க விடாதே. அந்தக் கையில்தான் மெஷினுக்கு வழி போட்டிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் விரல் வைத்துப் பார், உள்ளே பூனை உறுமுவதுபோல இருக்க வேண்டும். தாகம் என்றால் ஒரு துண்டு ஐஸ். கிழங்கை இப்படி ஊறவை. அண்ணன் அப்பாவின் கைமேல் விரல் வைத்தான். சட்டென்று எடுத்துவிட்டான். "இது எப்பவுமே இப்படியா அடிக்கும்?" என்றான்.

எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. அதுவும் ஆத்திரமாக வந்தது.

மார்ச் 20, வியாழன்

அண்ணன் அப்பாவை மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டி வந்தான். நான் பின் சீட்டில். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை.

ஷாஜகான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். புகை இல்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. "ஒரு வாரம் கழிச்சு ஒருக்கா கொண்டாங்க, பார்த்துரலாம்" என்றார்.

மலைப் பக்கம் திரும்பாமல் நேராக அன்னூர் ரோட்டில் விட்டேன். அவினாசி வரைக்கும் முள் நடுவில் அசையாமல் நின்றது. கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு, யாரும் எந்த கியர் என்று சொல்லாமல் ஓட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று முழுதாகக் குடித்தேன். வீட்டில் அவர் முன்னால் நான் தண்ணீர் குடிப்பதே இல்லை. அது இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

எஸ்தர் பழைய கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே ஆர்டர் பார்க்கிற வேலை இருக்கிறதாம். யோசிக்கிறேன் என்றேன். மத்தியானம் தூங்கினேன். கனவில்கூடக் கத்திக்கொண்டுதான் இருந்தேன் என்றாள் எஸ்தர்.

மார்ச் 22, சனி

பதினோரு மணிக்கு அண்ணன் போன். குரலே மாறியிருந்தது. "பாப்பா, அப்பாக்கு பிரஷர் இறங்கிடுச்சு. கண்ணு சொருகுது. ஒடம்பெல்லாம் வேர்க்குது. நான் என்ன பண்ணோணும்?"

"சிஸ்டரக் கூப்பிடு. கட்டில் கால் பக்கத்தை ஏத்தச் சொல்லு. அவர் கையப் பிடிச்சுப் பேசிக்கிட்டே இரு, தூங்க விடாத."

போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸின் குரல், கட்டிலின் கிறீச். அண்ணன் "அப்பா, அப்பா, இங்க பாருங்க" என்று சின்னப் பையனைப்போல அழுதான். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று சாவியைக் கையில் எடுத்தேன். எஸ்தர் கதவருகே வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் பிரஷர் ஏறிவிட்டது. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நடப்பதுதான்.

"நீ எப்படி இதத் தெனமும் பாத்துக்கிட்டிருக்க?" என்றான் அண்ணன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் போன். இந்தத் தடவை அப்பா.

"இவனுக்கு ஒண்ணும் தெரியல, அம்மிணி. கிழங்க அப்படியே பொரிச்சு வெச்சிருக்கறான்."

"தின்னாதீங்க."

"தின்னல." இருமினார். "நாளான்னைக்கு ஆபீசுல முக்கியமான வேலையாம். நாளைக்கே கிளம்பறங்கறான். நீ எப்ப வர்ற?"

"வியாழக்கிழமைன்னு சொல்லித்தான வந்தேன்."

"அதாஞ் சொன்னன். கேக்க மாட்டங்கறான்."

அவர் அவனிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லியிருக்கிறார். பின்னால் பாத்திரம் விழும் சத்தம், அண்ணன் எதையோ திட்டும் சத்தம்.

"அவங்கிட்டக் குடுக்கட்டுமா?" என்றார் அப்பா. "நீயே சொல்லு. நல்லாச் சத்தம் போட்டுச் சொல்லு."

"ரோசப்பட்டு அப்புறம் போன் பண்ண மாட்டானே?"

அப்பா செருமினார்.

"பண்ணாட்டிப் போறான்" என்றார். பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, "டேய், இங்க வா. வசுமதி பேசோணுமாம்" என்று கூப்பிட்டார்.

அண்ணன் வந்து வாங்கினான். சொன்னேன். எஸ்தர் வீட்டுக் கீழ்த்தளத்துக்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.